கோடையில் பாய் விரிக்கும் வகுப்பறை

அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அகாதமி கனெக்டிகட் மாநிலத்து நியூ லண்டன் நகரில் இருக்கிறது. அங்கே முதலாண்டை முடித்த மாணவர்களுக்குக் கோடை என்பது கடல். வழக்கமாக ஐந்து வாரம் ரோந்துக் கப்பலிலோ கடலோர நிலையத்திலோ பணி. இன்னும் ஐந்து வாரம் ‘ஈகிள்’ என்ற பாய்மரக் கப்பலில்.

1936இல் ஜெர்மானியக் கடற்படையின் பயிற்சிக்காக ஹாம்பர்க்கில் கட்டப்பட்ட எஃகுக் கப்பல் இது. போர் இழப்பீடாக 1946இல் அமெரிக்காவுக்கு வந்தது. நீளம் 295 அடி, மூன்று பாய்மரங்கள், 22,000 சதுர அடிக்கும் மேல் பாய். அவசரத்துக்கு டீசல் எஞ்சினும் உண்டு.

முன்னிரண்டு மரங்களிலும் குறுக்கே கிடக்கும் நீண்ட கழிகளைத் தமிழ் மாலுமிகள் பருமல் என்பார்கள். சதுரப் பாய்கள் தொங்குவது அவற்றில்தான். காற்று திசை மாறினால் பருமல்களையும் திருப்ப வேண்டும். அதை ஒருவரால் செய்ய முடியாது. வரிசையாக நின்று பலர் ஒரே மூச்சில் கயிற்றை இழுக்க வேண்டும். பாயைச் சுருட்டிக் கட்டவோ, இடுப்பில் பாதுகாப்பு வாரோடு கயிற்றேணியில் ஏறி, பருமலுக்குக் கீழே ஓடும் கயிற்றில் கால் ஊன்றி நிற்க வேண்டும். பெரிய மரத்தின் உச்சி 147 அடி. கப்பல் சற்றே சாய்ந்தாலும் அங்கே நிற்பவர் பல அடி தூரம் வீசப்படுவார்.

கயிறுகள் ஏறத்தாழ இருநூறு. ஒவ்வொன்றின் பெயரும் இடமும் மனப்பாடமாக வேண்டும். நள்ளிரவில் புயல் வந்தால் இருட்டில் கை தடவியே சரியான கயிற்றைப் பிடிக்க வேண்டும். சுக்கானைத் திருப்ப மூன்று சக்கரங்கள் ஒரே அச்சில் உள்ளன. கடல் கொந்தளித்தால் ஆறு பேர் சேர்ந்து பிடிப்பார்கள்.

ரேடாரும் செயற்கைக்கோளும் வழிகாட்டும் காலத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். எஞ்சின் கப்பலில் பொத்தானை அழுத்திக் கடலை மறந்துவிடலாம். பாய்க்கப்பலில் காற்று, நீரோட்டம், அலை மூன்றையும் ஓயாமல் கவனித்தாக வேண்டும். நாளை புயலில் மீனவரை மீட்கப் போகும் அதிகாரிக்கு இந்தக் கவனம் உயிர்நாடி. பக்கத்தில் நிற்பவர் கயிற்றை விட்டால் தன் உயிருக்கும் ஆபத்து என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லாது. ஐந்து வாரம் போதாது என்பதே என் எண்ணம்.

இந்தியக் கடற்படையும் இந்த வழியைக் கைவிடவில்லை. கோவாவில் கட்டப்பட்டு 1997இல் பணியில் சேர்ந்த ஐஎன்எஸ் தரங்கிணி, மூன்று பாய்மரங்களோடு இதே வகையைச் சேர்ந்த பயிற்சிக் கப்பல். 2003-04இல் அது உலகைச் சுற்றி வந்தது.