குழாயின் வெட்டை அடைத்த கதை

வெல்டிங் பழகிய புதிதில் எனக்குக் கிடைத்த வேலை, பழைய கேற்றிலிருந்து கழற்றிய இரண்டு ஜீ.ஐ. குழாய்கள். இரண்டிலும் கொண்டி போடுவதற்காக எட்டு அங்குல நீளத்தில், அரை அங்குல அகலத்தில் வெட்டியிருந்தார்கள்.

"தங்கச்சி, மழைக்கு முன்னம் இடியப்பக் கடைக்குத் தாழ்வாரம் இறக்கவேணும். இதை அடைச்சுத் தந்தால் தூணா நட்டிடுவன். புதுசு வாங்கக் காசில்லை" என்றார் கொண்டுவந்த அக்கா.

வெட்டோடேயே நட்டால் என்ன என்று கேட்பீர்கள். வட்டம் மூடியிருக்கும்வரைதான் குழாய்க்குப் பலம். பிளந்த குழாய் பாரம் ஏறினால் அந்த இடத்தில் முறுகும். மழைநீர் இறங்கி உள்ளேயிருந்தே கறள் பிடிக்கும்.

முதற்குழாயை நான் பழுதாக்கினேன். வெட்டு முழுவதையும் வெல்டிங் குச்சியை உருக்கியே நிரப்பப் பார்த்தேன். மூன்று மில்லிமீற்றர் தடிப்பு அந்தச் சூட்டைத் தாங்கவில்லை. ஓரம் உருகி ஓட்டை பெரிதானது. ஒரே மூச்சில் ஒட்டியதால் குழாயும் வில்லுப்போல வளைந்தது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கித் தன் பக்கம் இழுக்கும் என்று பயிற்சியில் சொல்லித்தான் தந்தார்கள். அக்கா ஒன்றும் பேசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

இரண்டாவதை ஆறுதலாகச் செய்தேன். வெட்டைச் சுற்றி ஓர் அங்குலத்துக்கு நாகப் பூச்சை அராவி எடுத்தேன். அதை எடுக்காமல் ஒட்டினால் வெள்ளைப் புகை வரும். இரவில் குளிரும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரி என்பார்கள். புகை போவது நெஞ்சுக்குள், வயிற்றுக்குள் அல்ல. வெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வர நின்று ஒட்டுங்கள்.

அதே தடிப்பில் ஒரு தகட்டுத் துண்டை, சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும்படி வெட்டி வைத்தேன். கூரான மூலையில் வெடிப்பு தொடங்கும் என்பதால் மூலைகளை உருட்டினேன். இரண்டரை மில்லிமீற்றர் குச்சி, எழுபது அம்பியர் அளவு. முதலில் இரு முனையிலும் நடுவிலும் பொட்டுப் பொட்டாகப் பிடித்தேன். பிறகு இந்தப் பக்கம் ஓர் அங்குலம், ஆறவிட்டு எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம். குழாயின் இரு வாயும் திறந்தே இருந்தன. அடைத்த குழாயைச் சூடாக்கினால் உள்ளே காற்று விரிந்து வெடிக்கலாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் காணிகளில் குழாய்போலக் கிடப்பதெல்லாம் குழாய் அல்ல. என்னவென்று தெரியாத இரும்பைப் பொறுக்கவோ வெட்டவோ வேண்டாம். தொடாமல் பொலிசுக்கு அறிவியுங்கள்.

பழுதான குழாய்க்குப் பதிலாக என் காசில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கிழமை உழைப்பு அதோடு சரி. தாழ்வாரம் மழைக்கு முன்னமே இறங்கிவிட்டது. வளைந்த குழாய் இப்போது என் வீட்டுப் பாகற்பந்தலுக்குக் காலாக நிற்கிறது.