புல்லுக்கடியில் ஓர் ஓடுபாதை

சேரப்பணஞ்சேரிப் பக்கத்து வாசகர்கள் இருங்காட்டுக்கோட்டையின் மோட்டார் பந்தயத் தடத்தை அறிவீர்கள். அது அமைவதற்குமுன் சென்னைப் பந்தயங்கள் சோழவரத்தில் நடந்தன. அங்கே கார்கள் ஓடியது எதன்மேல் தெரியுமா? போர்க்கால விமான ஓடுபாதையின்மேல்!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு ஆகிய ஊர்களின் ஓடுபாதைகள் அந்தப் போர்க்காலத்தவையே.

இத்தகைய தளத்தைக் கண்டால் முதலில் பாதையின் திசையைக் கவனியுங்கள். ஒரு விமானம் எழும்ப, காற்றை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கிழிக்கவேண்டும் என்று கொள்வோம். எதிர்க்காற்று 30 கி.மீ. வேகத்தில் வீசினால் தரையில் 70 கி.மீ. வேகமே போதும், பின்காற்றானால் 130 வேண்டும். ஆகவே பாதையின் திசை அவ்வூர்க் காற்றின் போக்கைச் சொல்லிவிடும். காற்று திசை மாறுமே என்கிறீர்களா? அதற்காகவே அக்காலத் தளங்கள் பலவற்றில் இரண்டு மூன்று பாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் சென்றன.

அடுத்து, கான்கிரீட் பாளங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி. வெப்பம் 30 டிகிரி கூடினால் 100 மீட்டர் கான்கிரீட் சுமார் 3 செ.மீ. நீளும். இடம் விடாவிட்டால் பாளங்கள் நெருக்குண்டு வெடிக்கும். இன்று அந்த இடுக்குகளில்தான் புல் வரிசை பிடித்து முளைக்கிறது.

பாதையை மண் மூடிவிட்டதா? கோடையில் வாருங்கள். அடியில் கான்கிரீட் இருக்குமிடத்தில் வேர் ஆழமாக இறங்காது, ஈரமும் தங்காது. அங்கே புல் முதலில் காய்ந்து, பழுப்புப் பட்டையாகப் பாதையைக் காட்டிக்கொடுக்கும்.

அனுமதி பெற்றே நுழையுங்கள். துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள். வெடிக்காத குண்டாகவும் இருக்கலாம்.