ஏரி வண்டலில் தேறும் செம்மண்

உத்திரமேரூர் என்றதும் குடவோலைத் தேர்தல்தான் நினைவுக்கு வரும். வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் தேர்தல் விதிகளுக்கு நடுவே இன்னொரு கணக்கும் இருக்கிறது: தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகத்தில் தூர் வாரக் கொடை தந்த ஊர் இது.

சுற்றுவட்டார மேட்டு நிலங்களில் கத்தரியும் வெண்டையும் போடும் சிறு விவசாயிக்கு இன்றும் பெரிய துணை அந்தத் தூர், அதாவது ஏரி வண்டல்தான்.

மணல் கலந்த செம்மண்ணில் பாய்ச்சிய தண்ணீர் நிற்காது. போட்ட யூரியாவும் அதோடு சேர்ந்து வேருக்குக் கீழே இறங்கிவிடும். சத்தைப் பிடித்துவைப்பவை களித்துகளும் மட்கும். இரண்டிலும் எதிர் மின்னூட்டம் இருப்பதால் பொட்டாசியம், கால்சியம், அம்மோனியம் ஆகியவை அவற்றில் ஒட்டிக்கொள்கின்றன. வேர் பிறகு எடுத்துக்கொள்கிறது. ஆனால் மட்குக்கு நம் வெயில் ஆகாது. வெப்பம் 10 டிகிரி கூடினால் மண் நுண்ணுயிர்களின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். போன வருசம் அடித்த எரு எங்கே போனது என்று விவசாயி சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

அமேசான் காட்டிலும் இதே சிக்கல். அங்கே பழங்குடிகள் கரியும் கழிவும் சேர்த்து உருவாக்கிய கருமண் பல நூற்றாண்டுகளாக வளம் குன்றாமல் இருக்கிறது. கரி எளிதில் சிதையாது. இங்கே அந்த வேலையை வண்டலின் களி செய்யும். எரு கரைந்தாலும் களி நிலத்தில் தங்கும். மட்கைப் பிணைத்துவைத்து அது சீக்கிரம் சிதையாமலும் காக்கும்.

கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் அடித்து, மழை விழுந்ததும் சணப்பை விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். பயிர்ச் சுழற்சியில் கொத்தவரை, அவரை இருந்தால் அவற்றின் வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனைச் சேர்த்துத் தரும். உவர் ஏறிய ஏரி, கழிவு கலக்கும் ஏரி என்றால் அந்த வண்டலைத் தொடக் கூடாது. எதற்கும் மண் பரிசோதனை முதலில்.

விவசாயத்துக்கு வட்டாட்சியர் அனுமதியோடு வண்டலை இலவசமாக எடுக்கும் நடைமுறை 2024இல் எளிதாக்கப்பட்டது. ஆனால் ஜேசிபிக்கும் டிராக்டருக்கும் வாடகை கொடுத்தாக வேண்டும். அரை ஏக்கர்காரர் பின்வாங்குவது இங்கேதான். காய்கறிக்கு நிலம் முழுவதையும் ஒரே வருசத்தில் தேற்ற வேண்டியதில்லை. 10 சென்ட்டில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்ப ஏறத்தாழ ஒன்றரை யூனிட் வண்டல் போதும். அடுத்த கோடையில் அடுத்த 10 சென்ட்.