நகல் எங்கே இருக்கிறது?

இருக்கன்குடி, சாத்தூர், சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளைத் தூரத்திலிருந்து பார்த்தால், பொட்டலில் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன அறைகள்தான் தெரியும். மருந்து கலக்க ஓர் அறை, அடைக்க ஓர் அறை, சரக்குக்குத் தனி குடோன். ஓர் அறையில் வெடித்தால் அடுத்தது பற்றக் கூடாது. இடைவெளி குறைந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கணினிக்காரர்கள் சிலருக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்தது. தரவின் மூலத்தையும் பேக்கப்பையும் அங்கேயே வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

தரவு அழிய தீதான் வேண்டும் என்பதில்லை. இன்று ஏராளமான மென்பொருள்கள் கண்டெய்னர் எனும் தனித்தனிப் பெட்டிகளில் ஓடுகின்றன. அவற்றைப் பெரும்பாலும் மேய்ப்பது, கூகுள் 2014இல் வெளியிட்ட குபர்நெட்டீஸ். ஒரு கண்டெய்னர் செத்தால் இன்னொன்றை எழுப்பிவிடும். செத்ததற்குள் எழுதியிருந்தது போனது போனதுதான். அதனால் தரவை வெளியே ‘வால்யூம்’ என்ற தனிச் சேமிப்பில் வைக்கிறார்கள். ஆனால் தானாக உருவான வால்யூம் என்றால், அதைக் கேட்டு வாங்கிய கோரிக்கையை அழித்ததும் வால்யூமும் அழியும். மாற்றாத வரை அதுதான் ஏற்பாடு. தீயைவிட அவசரத்தில் தட்டிய ஒரு கட்டளைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன்.

அந்தக் கணத்தின் நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்நாப்ஷாட் இருக்கிறதே என்பார்கள். அது நொடியில் முடிவதற்குக் காரணம், பெரும்பாலும் எதையும் நகலெடுக்காததுதான். பழைய பகுதிகளை மேலெழுதாமல் விட்டுவைக்கிறது, அவ்வளவே. பல அமைப்புகளில் அது மூலம் இருக்கும் அதே சேமிப்பில்தான் உட்கார்ந்திருக்கும்.

நகலை வெளியே கொண்டுபோக வெலிரோ போன்ற திறந்த மூலக் கருவிகள் உண்டு. வால்யூமின் தரவோடு, கிளஸ்டரின் (குபர்நெட்டீஸ் ஓடும் கணினித் தொகுப்பின்) அமைப்பு விவரங்களையும் வேறிடத்துக்கு அனுப்பும். பெங்களூரில் பிறந்த ஓப்பன்இபிஎஸ் சேமிப்பு மென்பொருளும் வெலிரோவோடு சேர்ந்து இயங்கும். தரவுத்தளமாக இருந்தால், நினைவகத்தில் நிற்பதை வட்டில் எழுதிமுடித்து, ஒரு கணம் நிறுத்திவிட்டு நகல் எடுப்பது நல்லது. இல்லையேல் பாதி எழுதிய கணக்கு அப்படியே நகலாகும்.

ஏற்பாடு இருந்தால் மட்டும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். அங்கே பேக்கப் ஏற்பாடுகள் பல இருந்தன. தினசரி நகல், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. கைகொடுத்தது, சுமார் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த ஸ்நாப்ஷாட். அது சோதனைச் சர்வருக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தது.