பீட்டா காலத்தில் சொல்லப்படாத பிழை

லிப்ரெஆபிஸ் என்னும் கட்டற்ற அலுவலக மென்பொருளின் ஆகஸ்ட் பதிப்பு வெளிவரச் சில வாரங்களே இருக்கும் நிலையில், ‘பீட்டா’ என்னும் சோதனைப் பதிப்பைப் பயன்படுத்திப் பார்க்கும்படி அதன் பொறுப்பாளரான டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன் விடுக்கும் அழைப்பு நிரலாளர்களுக்கு மட்டுமானதா என்று செல்லூர் டி.டி.பி. கடைக்காரர்கள் சிலர் கேட்டெழுதியுள்ளனர். உண்மையில் இந்தக் கடைக்காரர்களே அதிகம் தேவைப்படுவோர். பெரிய பதிப்புகள் வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் நாள் குறித்து வெளியாவதால், ‘நிலையான பதிப்பு’ என்பதற்குப் பிழையற்றது என்பதைவிட, உரிய நேரத்தில் பிழை தெரிவிக்கப்படாதது என்பதே நெருக்கமான பொருள். 2017இல் வந்த 5.3 பதிப்பு முதல், தமிழ் எழுத்துகளைத் திரையில் கோக்கும் வேலையை எல்லா இயங்குதளங்களிலும் ஹார்ஃப்பஸ் என்னும் பொறி செய்கிறது. ‘கொ’ என்னும் எழுத்தில் ககரத்துக்குப் பின் சேமிக்கப்படும் உயிர்க்குறியை அது இருபுறமும் பிரித்து நிறுத்த வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் கொம்பு இடம் மாறி நின்றால், தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளருக்கு அது பிழையாகவே படாது.

பிழை தெரிவிக்கப்பட்ட பின் நடப்பதே இந்த ஏற்பாட்டின் நுட்பமான பகுதி. முன்பு சரியாக இருந்து புதிய பதிப்பில் கெட்டுப்போனது ‘பின்னடைவு’ எனப்படும். அதற்குக் காரணமான மாற்றம் ஆயிரக்கணக்கான மாற்றங்களுக்கிடையே ஒளிந்திருக்கும் என்பதால், வளர்ச்சியின் ஒவ்வொரு கட்டத்திலும் உருவான, அப்படியே இயக்கத்தக்க பிரதிகள் வரிசையாகச் சேமித்து வைக்கப்பட்டுள்ளன. நடுப் பிரதியில் அதே கோப்பைத் திறந்து, பிழை தென்பட்டால் முற்பாதியிலும் இல்லையேல் பிற்பாதியிலும் தேடலைத் தொடர்வதே ‘பைபைசெக்ட்’ என்னும் முறை. பாதி பாதியாகக் கழித்துச் சென்றால் 1,024 பிரதிகளையும் பத்தே சோதனைகளில் கடந்துவிடலாம். இதற்கு நிரலைப் படிக்க வேண்டியதில்லை, கண்ணால் பார்த்தால் போதும். பல ஜி.பி. தரவிறக்கமும் சில கிட் கட்டளைகளும் இயலாதவர், எந்தப் பதிப்பு வரை சரியாக இருந்தது என்று ஒரு வரி எழுதினாலே தரச்சோதனைக் குழுவினருக்குத் தேடலின் ஒரு முனை கிடைத்துவிடும். ஆயினும், காரணம் கண்டறியப்படுவது வேறு, திருத்தப்படுவது வேறு. திருத்தத்தை எடுத்துச் செய்யத் தன்னார்வலரோ நிறுவனமோ முன்வர வேண்டும் என்பதை அழைப்புகள் அழுத்திச் சொல்வதில்லை.

சோதனைப் பதிப்பை நிறுவினால் பழைய பதிப்பு அழியுமா? பீட்டா தனியாக நிறுவப்படும். வெளியீட்டுக்கு முந்தைய இறுதிக் கட்டமான ஆர்.சி. பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தக் கோப்பில் சோதிப்பது? நகலில் மட்டும்.

பிழையைத் தமிழில் எழுதலாமா? ஆங்கிலத்தில் நான்கு எளிய வரிகளும் திரைப்பிடிப்பும் விரைவில் பயன் தரும்.

வாடிக்கையாளரின் கோப்பை இணைக்கலாமா? பிழைகளைப் பதியும் தளமான பக்சில்லாவில் இணைப்பதை எவரும் பார்க்கலாம் என்பதால், பெயரும் ஆதார் எண்ணும் நீக்கிய பிறகே.