டர்போ காருக்கு எந்த மீட்டர் வேண்டும்?

உத்திரமேரூர் பக்கம் சேடை ஓட்டிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு டிராக்டரின் டாஷ்போர்டைப் பாருங்கள். பெரும்பாலும் ஆயில் பிரஷருக்கென்று தனியாக ஒரு மீட்டர் இருக்கும். அதே ரோட்டோரம் நிற்கும் டர்போ டீசல் காரில் அது இருக்காது. ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்றுதான். நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும் டிராக்டர் இன்ஜினுக்கு மீட்டர். ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டும் டர்போவுக்கு வெறும் விளக்கு. வெளியில் மீட்டர் வாங்கி மாட்டுகிறவர்கள் நிரப்பப் பார்ப்பது இந்த இடைவெளியைத்தான்.

சரி, எந்த மீட்டரை மாட்டுவது? கடைக்குப் போனால் எல்லாரும் முதலில் கேட்பது பூஸ்ட் மீட்டர். முள் துள்ளுவதைப் பார்க்க அழகா இருக்கும். ஆனால் மீட்டரின் மதிப்பு அழகில் இல்லை. முள் நகர்ந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதற்குப் பதில் இருந்தால்தான் அது மீட்டர். இல்லாவிட்டால் அலங்காரம்.

முதலில் கம்பெனி கொடுத்ததில் என்ன குறை என்று பார்ப்போம். ஆயில் விளக்கை எரிய வைப்பது ஒரு சின்ன சுவிட்ச். பொதுவாக பிரஷர் 0.3 முதல் 0.5 பாருக்குக் கீழே இறங்கினால்தான் அது வேலை செய்யும். 3000 சுற்றில் 3 பார் இருக்க வேண்டிய இன்ஜினில் பிரஷர் 1 பாருக்கு விழுந்துவிட்டது என்று வையுங்கள். விளக்கு எரியாது. டர்போவின் தண்டு பேரிங்கில் உரசாமல் மிதப்பதே ஆயில் படலத்தின் மேல்தான். விளக்கு எரிவதற்குள் அங்கே தேய்மானம் தொடங்கிவிடும்.

ஹீட் முள்ளும் அப்படித்தான். பல கார்களில் கூலன்ட் 75 டிகிரியிலிருந்து 105 டிகிரி வரை எங்கே இருந்தாலும் முள் நடுவிலேயே நிற்கும். முள் ஆடினால் வண்டிக்காரர் பயந்து சர்வீஸுக்கு ஓடி வருவார் என்று அப்படி அமைத்திருக்கிறார்கள். முள் நடுவைத் தாண்டும்போது நமக்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான்.

இது யாருக்கு முக்கியம்? புது கார் வைத்திருப்பவருக்கு அவ்வளவாக இல்லை. ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புண்டோ எல்லாவற்றிலும் ஓடியது ஃபியட்டின் 1248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜின். 2020-ல் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது. ஆனால் பழைய வண்டிகள் கை மாறி, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடி, இன்னும் வாடகைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவருக்கு டர்போ போச்சுன்னா பல வார வருமானம் போச்சு.

ஆகவே என் வரிசை இது. முதலில் ஆயில் பிரஷர். அடுத்து, டிகிரியை எண்ணாகவே காட்டும் கூலன்ட் மீட்டர். பூஸ்ட் கடைசி.

பூஸ்ட் வீண் என்று சொல்லவில்லை. அதுவும் ஒரு நோய் சொல்லும். டர்போவில் வேஸ்ட்கேட் என்று ஒரு கதவு உண்டு. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறுவதுபோல, தேவைக்கு மேற்பட்ட புகை டர்பைனைச் சுற்றாமல் அந்தக் கதவு வழியாகப் போய்விடும். வழக்கமாக 1 பார் ஏறும் மேட்டில் இன்று 0.6 தான் ஏறுகிறது, கூடவே கரும்புகை என்றால், இன்டர்கூலர் ஹோஸ் கிழிந்திருக்கலாம், அல்லது வேஸ்ட்கேட் மூடாமல் நின்றிருக்கலாம். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். பெட்ரோல் டர்போவில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் வெற்றிடம் உண்டாகும், எனவே பூஜ்யத்துக்குக் கீழேயும் காட்டும் மீட்டர் வேண்டும். டீசலுக்கு மேல்பக்க அளவே போதும்.

எதையும் துளைக்காமல் இதில் பாதியைப் பார்க்க வழி இருக்கிறது. 2013-க்குப் பிறகு வந்த கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓ.பி.டி. சாக்கெட் இருக்கும். சின்ன புளூடூத் கருவியைச் செருகினால் கூலன்ட் வெப்பம் போனிலேயே தெரியும். பல கார்களில் மேனிஃபோல்ட் பிரஷரும் வரும். அது காற்றழுத்தத்தையும் சேர்த்த அளவு. நம்ம ஊர் சமவெளி, அதனால் சுமார் 100 கிலோபாஸ்கலைக் கழித்துவிடுங்கள். 220 காட்டினால் பூஸ்ட் 1.2 பார். ஆனால் ஆயில் பிரஷர் இந்த வழியில் பெரும்பாலான கார்களில் கிடைக்காது. அங்கே இருப்பது வெறும் சுவிட்ச், அது எந்த எண்ணைச் சொல்லும்? தனியாக மாட்டித்தான் ஆக வேண்டும்.

மாட்டும் இடத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. எலக்ட்ரிக் மீட்டரே வாங்குங்கள். மெக்கானிக்கல் மீட்டரில் சூடான ஆயில் சின்னக் குழாய் வழியாக கேபினுக்குள்ளேயே வரும். குழாய் விட்டுப்போனால் ஓட்டுகிறவர் காலில் கொட்டும்.

ஆயில் சுவிட்சைக் கழற்றி, டி போட்டு, சுவிட்சையும் புது சென்சாரையும் சேர்த்து மாட்டுவது வழக்கம். விளக்கைத் துண்டித்துவிடாதீர்கள், இரண்டும் இருக்கட்டும். மரை சரியாகப் பொருந்துகிறதா என்று பாருங்கள். 1/8 என்.பி.டி. மரைக்கு அங்குலத்துக்கு 27 சுற்று, 1/8 பி.எஸ்.பி.டி. மரைக்கு 28. கையால் இரண்டு சுற்று ஏறிவிடும், பிறகு ஸ்பேனர் போட்டு இறுக்கினால் ஒழுகும், அல்லது உடையும். கனமான சென்சாரை பித்தளை டி-யில் நேராகத் தொங்கவிட்டாலும் அதே கதிதான். கல்குவாரி லாரிகள் ஓடிக் குண்டும் குழியுமான ரோட்டில் அதிர்ந்து அதிர்ந்து ஒருநாள் முறியும். ஆயிலைக் காப்பாற்ற மாட்டிய மீட்டரே ஆயிலை வெளியே கொட்டும். எஃகுப் பின்னல் போட்ட ஹோஸ் வைத்து, சென்சாரை பாடியில் கிளாம்ப் செய்துவிடுங்கள்.

கரன்ட்டை ஃபியூஸ் வழியாக எடுங்கள். சும்மா ஒயரைச் சீவி முறுக்கி டேப் சுற்றுவதுதான் தீப்பிடிக்கும் வேலை. சென்சாருக்கு நல்ல எர்த் இல்லாவிட்டால் முள் பொய் சொல்லும். முன்கண்ணாடி ஓரத் தூணில் மீட்டர் மாட்டுவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கர்ட்டன் ஏர்பேக் உள்ள காரில் அந்த இடம் வேண்டாம். ஏர்பேக் விரியும்போது மீட்டர் முகத்துக்குப் பறந்து வரும். வாரண்டி இருக்கும் காரில் ஒயரிங்கைத் தொடுமுன் சர்வீஸில் கேட்டுவிடுங்கள்.

மாட்டியாச்சு. இனி ஒரு வாரம் சும்மா பார்த்து எழுதி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் எவ்வளவு, காஞ்சிபுரம் போய் வந்து சூடான பிறகு ஐடிலிங்கில் எவ்வளவு, 2500 சுற்றில் எவ்வளவு. சூடான இன்ஜினில் ஐடிலிங்கில் 1 பார், ஓட்டத்தில் 3, 4 பார் என்பதெல்லாம் பொதுக் கணக்கு. உங்கள் வண்டியின் கணக்கு அந்த நோட்டில்தான் இருக்கும். மூன்று மாதம் கழித்து அதே சூட்டில், அதே சுற்றில் அரை பார் குறைந்திருந்தால், ஆயில் அளவைப் பாருங்கள், பிறகு மெக்கானிக்கிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போது முள் திடீரென்று விழுந்தால் நோட்டெல்லாம் வேண்டாம். மானாம்பதி வரைக்கும் போயிடலாம்னு கணக்குப் போடாதீர்கள். ஓரம் கட்டி, அந்த இடத்திலேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.