ஷட்டர் கனக்குதா? ஸ்பிரிங் பெட்டியில் கை வைக்காதீங்க!

கம்மாபுரம்-

காலை 6 மணி. கம்மாபுரம் கடைத்தெருவில் 'கடகட'வென்று சத்தம். ஒவ்வொரு கடையாக ஷட்டர் மேலே ஏறுகிறது. விருத்தாசலம் பஸ்சுக்கு நிற்பவர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தினமும் கேட்கிற சத்தம்தானே!

ஏதாவது ஒரு கடையில் மட்டும் ஷட்டர் பாதியில் நின்றுவிடும். கடைக்காரர் தோளைக் கொடுத்து முட்டுவார். கடைப் பையன் ஓடி வந்து கை கொடுப்பான்.

"என்னண்ணே, இந்தக் கனம் கனக்குது?"

"எண்ணெய் இல்லடா தம்பி. சாயங்காலம் கொஞ்சம் விட்டா சரியாப் போயிடும்."

எல்லா ஊர்க் கடைத்தெருவிலும் கேட்கிற பேச்சுதான் இது. ஆனால் கோளாறு எண்ணெயில் இல்லை, ஸ்பிரிங்கில் என்றால் நிலைமை வேறு. அந்த ஷட்டர் ஒரு நாள் யார் தலையிலாவது இறங்கும்!

கடைக்கு மட்டும் வந்த கவலை அல்ல இது. கார் வாங்கி, வீட்டுக் கீழ்த்தளத்தில் ஷட்டர் போட்டு நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான்.

பாரம் யார் கையில்?

1.25 மில்லி மீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு, ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ எடை இருக்கும். 8 அடிக்கு 8 அடி ஷட்டர் என்றால் கிட்டத்தட்ட 6 சதுர மீட்டர். வெறும் தகடே 60 கிலோ. பட்டிக்குப் பட்டி கோர்த்திருக்கும் மடிப்பு, அடிப்பட்டை, பூட்டு எல்லாம் சேர்ந்தால் இன்னும் கூடும். ஒரு நெல் மூட்டையைத் தூக்குகிற பாரம் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

அந்த மூட்டையை ஒரு பையன் ஒற்றைக் கையால் எப்படித் தூக்குகிறான்? அவன் தூக்கவில்லை. மேலே தகரப் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்தான் தூக்குகிறது.

கிராமத்து ஏற்றம் பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல. ஒரு முனையில் சால், மறு முனையில் பாரம். நெய்வேலி சுரங்கத்தில் மண் வாரும் ராட்சத சக்கர எந்திரத்திலும் இதே தந்திரம்தான். முன்னால் நீண்டிருக்கும் கைக்கு ஈடாகப் பின்னால் எதிர்ப்பாரம் வைத்திருப்பார்கள். ஷட்டரில் பாரக்கல்லுக்குப் பதில் முறுக்கிய ஸ்பிரிங். அவ்வளவுதான் வித்தியாசம்.

மூடினால்தான் முறுக்கு

மேலே குறுக்கே ஒரு பைப். அதில் ஸ்பிரிங்குகள். ஷட்டரைக் கீழே இழுக்க இழுக்க ஸ்பிரிங் முறுக்கேறும். திறக்கும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து ஷட்டரை மேலே சுருட்டும்.

ஆக, ஷட்டர் மூடிக் கிடக்கும்போதுதான் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கிறது. கடையைப் பூட்டிவிட்டு நாம் வீட்டில் தூங்குகிறோம். அது தூங்குவதில்லை!

நடுராத்திரியில் பூட்டிய கடைக்குள் 'டமார்' என்று ஒரு சத்தம். திருடனோ என்று அக்கம்பக்கத்தார் டார்ச் லைட்டுடன் ஓடி வருவார்கள். பூட்டு அப்படியே இருக்கும். காலையில் திறக்கும்போதுதான் தெரியும், ஸ்பிரிங் அறுந்துவிட்டது என்று.

முழுவதும் திறந்து வைத்தாலும் முறுக்கு அடியோடு போய்விடாது. ஷட்டரை மேலேயே தாங்கி நிற்க முதலிலேயே கொஞ்சம் முறுக்கு ஏற்றித்தான் பொருத்துவார்கள். இது தெரியாமல் ஏணி போட்டு ஏறி, ஸ்பேனரால் திருகினால் என்ன ஆகும்? அடக்கி வைத்த முறுக்கு முழுவதும் ஒரு நொடியில் அவிழும். விரல் போகும், மணிக்கட்டு முறியும், ஏணியோடு ஆள் கீழே விழுவார்.

ஆயுள் எவ்வளவு?

கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் ஒடிந்துவிடும். ஸ்பிரிங்கும் அப்படித்தான். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அதன் ஆயுளில் ஒன்று குறைகிறது. துருப் பிடித்த இடத்தில் சீக்கிரம் விரிசல் விடும்.

மேலே ஏறித் திறக்கும் கார் ஷெட் கதவை அமெரிக்காவில் ஜான்சன் என்பவர் 1921-ல் கொண்டு வந்தார். அங்கே அந்தக் கதவுகளின் ஸ்பிரிங்குக்குச் சாதாரணமாகச் சொல்லும் கணக்கு, 10 ஆயிரம் முறை திறந்து மூடுவது.

அந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பாருங்கள். கடைக்காரர் காலையில் திறந்து மதியம் மூடுகிறார். சாயங்காலம் திறந்து இரவு மூடுகிறார். நாளைக்கு 2 முறை, வருஷத்துக்கு 300 நாள் என்றால் 16 வருஷம் ஓடும்.

வீட்டில்? ஆபீசுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, மார்க்கெட்டுக்கு என்று தினம் 4 முறை திறந்து மூடினால் 7 வருஷம்கூடத் தாங்காது. கடை ஷட்டரைவிட வீட்டு ஷட்டர் சீக்கிரம் ஓய்ந்து போகும்!

நீங்களே சோதிக்கலாம்

நல்ல ஸ்பிரிங் என்றால் ஷட்டர் எந்த உயரத்திலும் சமநிலையில் நிற்க வேண்டும். இதை வாரம் ஒருமுறை பார்க்கலாம். பக்கத்தில் பிள்ளைகள் இருக்கக் கூடாது. உங்கள் காலும் ஷட்டருக்கு நேர் கீழே இருக்கக் கூடாது.

இரண்டு கையாலும் ஷட்டரை இடுப்பு உயரத்துக்குத் தூக்குங்கள். பிடியை மெதுவாகத் தளர்த்துங்கள்.

அப்படியே நின்றால் நல்லது. கீழே இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். ஒரு பக்கம் ஏறி மறு பக்கம் இழுத்தால், ஸ்பிரிங்குகளில் ஒன்று போயிருக்கலாம். நின்றதைத் தவிர மற்ற மூன்றுக்கும் மெக்கானிக்தான் வர வேண்டும்.

ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லி மிச்சம் பிடிக்காதீர்கள். இரண்டும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவை. மற்றதும் ஓய்வு பெறும் வயதில்தான் இருக்கும்.

எண்ணெய் எங்கே விடுவது?

சுரங்கப் பக்கம் தூசிக்குப் பஞ்சமா? மழைக்காலத்தில் ஈரமும் சேரும். இரண்டு பக்கச் சேனலிலும் கிரீசை அப்பினால் தூசி ஒட்டி மாவு மாதிரி ஆகிவிடும். ஷட்டர் முன்னைவிடக் கனக்கும். பழைய இன்ஜின் ஆயிலும் அப்படித்தான். சமையல் எண்ணெய் விட்டால் நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

மாதம் ஒருமுறை சேனலைக் காய்ந்த துணியால் துடையுங்கள். அடியில் சேரும் கல், மண்ணை எடுத்து விடுங்கள். பூட்டுக்கு மெல்லிய எண்ணெய் ஒன்றிரண்டு சொட்டு போதும். பெட்டிக்குள் பேரிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் எண்ணெய் விடுவது மெக்கானிக் வேலை. வருஷம் ஒருமுறை, மழைக்கு முன்னால் கூப்பிடுங்கள்.

பெயிண்ட் அடிக்கும்போது பட்டிகளின் இணைப்பில் கெட்டியாக அடிக்கக் கூடாது. விளம்பரத் தகடு வைத்து வெல்டு அடிப்பதும் தப்பு. கூடுதல் பாரம் ஏறினால் ஸ்பிரிங்கின் கணக்கு கெட்டுவிடும்.

காற்றடித்த பிறகும் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் பக்கம் கரை கடந்ததை இந்த வட்டாரம் மறக்காது. பலத்த காற்று அழுத்தினால் பட்டிகள் வளைந்து சேனலை விட்டு வெளியே வரும். அந்த நிலையில் பலவந்தமாகத் தூக்கினால் ஸ்பிரிங்குக்கும் கேடு.

மோட்டார் இருந்தாலும்...

"எங்க வீட்டுல மோட்டார் ஷட்டர், கவலை இல்ல" என்பவர்கள் உண்டு. ஸ்பிரிங் வைத்த ஷட்டரில் மோட்டார் உதவிக்குத்தான். ஸ்பிரிங் தளர்ந்தால் பாரம் முழுவதும் மோட்டார் மேல் விழும். குறுக்கே ஆள் இருந்தால் கதவு தானே திரும்பி மேலே போக வேண்டும் என்று அமெரிக்காவில் வீட்டுக் கார் ஷெட் மோட்டார்களுக்கு 1993 முதல் சட்டமே இருக்கிறது. மோட்டார் வாங்கும்போது அந்த வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

குனிந்து போவது யார்?

மதியம் பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து போவது பெரும்பாலும் முதலாளி அல்ல. டீ வாங்கப் போகும் கடைப் பையன்தான். வீட்டில் என்றால் பந்து எடுக்க ஓடும் குழந்தை.

ஆகவே பாதியில் நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். திறந்தால் முழுக்கத் திற, மூடினால் முழுக்க மூடு. கனக்கிறதா? முட்டுக் கொடுக்காதீர்கள், மெக்கானிக்குக் காத்திருங்கள்.

அரை நாள் வியாபாரம் போனால் மறுநாள் பிடித்துக் கொள்ளலாம். அந்தப் பையன் கை போனால்?